கற்பவரின் உழைப்பும் அதன் பலனும்

வேலை செய்துகொண்டே கற்கும் கல்விக்கு யார் பணம் தருவது என்பது நிதித்துறை தீர்க்க வேண்டிய கேள்வியாகத் தோன்றினாலும், கற்பவரின் கையில் உருவாகும் பொருளின் பலன் யாரைச் சேர வேண்டும் என்ற அறவியல் கேள்வியைத் தீர்க்காமல் அதற்கு விடை காண இயலாது. இந்தியாவில் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எழுப்பியது, 1937இல் காந்தி முன்வைத்த நயி தாலீம். தமிழில் ஆதாரக் கல்வி என்று வழங்கிய இத்திட்டம், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, மொழியையும் கணக்கையும் அறிவியலையும் அத்தொழிலின் வழியாகவே கற்பிக்க முயன்றது.

அது பிறந்த சூழலில் பணம்தான் முதல் நெருக்கடியாக இருந்தது. அவ்வாண்டு மாகாணங்களில் பொறுப்பேற்ற காங்கிரஸ் அமைச்சரவைகள் மதுவிலக்கை விரும்பின. ஆனால் பள்ளிச் செலவோ மது வருவாயை நம்பியிருந்தது. சென்னை மாகாணத்தில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி, இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். காந்தி தேடிய வழி வேறு: குழந்தைகள் செய்யும் பொருள்களின் விற்பனையிலிருந்தே ஆசிரியர் சம்பளம் படிப்படியாகக் கிடைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார், 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாடும் அந்த எதிர்பார்ப்பைத் தன் தீர்மானங்களில் சேர்த்துக்கொண்டது.

இதை வெறும் சிக்கனம் என்று கொள்வது தவறு. ஒவ்வொருவரும் உடலுழைப்பால் தம் உணவை ஈட்ட வேண்டும் என்ற கருத்தைத் தால்ஸ்தாயிடமிருந்து பெற்ற காந்தி, உலகின் சுழற்சிக்குத் தன் பங்கைத் தராமல் உண்பவன் திருடன் என்னும் கீதையின் மூன்றாம் அத்தியாயக் கருத்தோடு அதை இணைத்து, உழைப்பையே வேள்வியாகக் கண்டார். அந்த நோக்கில், சிறுவனின் நூற்பு சுரண்டலன்று. சமூகத்துக்கு அவன் செலுத்தும் முதல் காணிக்கை. தற்சார்பே இக்கல்வியின் உரைகல் என்று அவர் வலியுறுத்தியதிலும் நியாயம் இருந்தது, ஏனெனில் எவருக்கும் பயன்படாத பொருளைச் செய்யும் வேலை விரைவிலேயே வேலையின் நடிப்பாகிவிடும்.

திட்டத்தை வகுத்த ஜாகிர் உசேன் குழுவில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆரியநாயகமும் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும் இருந்தனர். ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் மூன்று மணி இருபது நிமிடத்தைத் தொழிலுக்கு ஒதுக்கிய அக்குழுவே, பொருளாதார நோக்கம் கல்வி நோக்கத்தை விழுங்கிவிடக்கூடும் என்றும் எச்சரித்தது. அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கையால் நூல் நூற்கும் தக்ளியின் அருகில் அமர்ந்தால் காணலாம். இழை அறும்போது, பஞ்சுத் திரி சீராக இல்லையா, முறுக்கு போதவில்லையா, கை வேகமாக இழுத்துவிட்டதா என்று ஆசிரியர் கேட்டால், அங்கே இயற்பியலும் கணக்கும் தொடங்குகின்றன. ஆனால் அவருடைய சம்பளம் மாலைக்குள் சேரும் நூற்சிட்டங்களைப் பொறுத்தது என்றால், கைப்பழக்கம் உள்ள பிள்ளையிடம் நூற்பை ஒப்படைத்துவிட்டுக் கேள்வியை அவர் தள்ளிப்போடுவார். அதற்காக அவரைக் குறைசொல்லவும் முடியாது. அறுந்த இழை கற்பவருக்குப் பாடம், விற்பவருக்கு நட்டம். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதியதுதான் ஆதாரக் கல்வியின் பிழை. மாணவர் செய்யும் பொருளை விற்றுக் கல்வி தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கலாகாது எனப் போருக்குப் பிந்தைய இந்தியக் கல்விக்குத் திட்டம் வகுத்த 1944இன் சார்ஜண்ட் அறிக்கையும் கூறியது.

1953இல் ராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றபோது கேள்வி மேலும் கூர்மையடைந்தது. உழைப்பு வேள்வி என்று வைத்துக்கொண்டாலும், எந்த வேள்வியில் யார் அமர்வது என்பதைப் பிறப்பே தீர்மானிக்கும் நாட்டில் அது குலக் கல்வியாகவே முடியும்; பெரியார் அதைக் குலக் கல்வி என்றே எதிர்த்தார். 1954இல் முதல்வரான காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

இன்றைய இன்டர்ன்ஷிப்பில் இதே சிக்கல் வேறு உருவில் திரும்புகிறது. அனுபவமே ஊதியம் என்று சொல்லி மாணவரைச் சம்பளமின்றி வேலை வாங்கும் நிறுவனம், பலன் கருதாமல் செயலாற்றும் நிஷ்காம கர்மத்தைத் தன் வசதிக்குத் திருப்பிக்கொள்கிறது. பலனைத் துறப்பது செய்பவரின் உரிமை. பலனைப் பெற்றுக்கொள்பவர் அதைப் பிறருக்கு உபதேசிக்க இயலாது. இந்திய அரசு 2024இல் அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாத உதவித்தொகை 5,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதில் 4,500 ரூபாயை அரசும் 500 ரூபாயை நிறுவனமும் தருவதாக அந்த அறிவிப்பு கூறியது. மாணவர் வெறுங்கையோடு திரும்பவில்லை என்பது நல்லதே. எனினும் உழைப்பின் பலனைப் பெறும் தரப்பு இவ்வளவு சிறிய பங்கை ஏற்கும்போது, பொதுப்பணம் கல்விக்குச் செலவாகிறதா, மலிவான ஆள்பலத்துக்கு மானியமாகிறதா என்ற ஐயம் எழுகிறது.

இதற்கு மாறாக, ஜெர்மனியின் இரட்டைப் பயிற்சி முறையில் தொழிற்பழகுநருக்கு நிறுவனம் மாதப் படி தருகிறது; அவர் வாரத்தில் ஓரிரு நாள் செல்லும் தொழிற்பள்ளியின் ஆசிரியருக்கு மாநில அரசு சம்பளம் தருகிறது. ஆகவே அப்பள்ளி ஆசிரியரின் ஊதியம் பழகுநரின் உற்பத்தியைச் சார்ந்ததன்று. சிறு பட்டறைகள் மலிந்த இந்தியாவுக்கு இம்முறையை அப்படியே பெயர்த்துவர இயலாது. கடைசல் எந்திரத்தில் ஒரு பழகுநர் கெடுக்கும் இரும்புத் துண்டின் விலை, பெரிய ஆலைக்கு ஒரு பொருட்டன்று. இரண்டு எந்திரங்களோடு ஓடும் பட்டறைக்கு அது அன்றைய ஆதாயம். அந்தத் துண்டுக்கும், அதைக் கெடுத்தவர் அருகில் நின்று காரணம் சொல்லும் மூத்த தொழிலாளியின் நேரத்துக்கும் முதலில் பொதுப்பணம் ஒதுக்கப்பட வேண்டும். உதவித்தொகையின் அளவைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னரே வரும்.