மீட்டரில் ஏறாத கணக்கு

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின்வாரியக் கணக்கெடுப்பாளர் படியேறி வரும் நாளில் தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் எழும் கேள்வி ஒன்றுதான்: “சார், ஐநூறைத் தாண்டிடுச்சா?” கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022-இல் திருத்திய கட்டண முறைப்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்குப் பாதி விலை. 501-ஆவது யூனிட் ஓடிய கணமே அந்தச் சலுகை போய்விடும். அந்த ஒரு யூனிட் இருநூறு ரூபாய்க்கு மேல் இழுத்துவிடும். அதனால்தான் ரீடிங் எடுக்கும் தேதி நெருங்க நெருங்க கிரைண்டர் தள்ளிப்போகிறது, ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் வீட்டில் ஒரு குரல் உயர்கிறது.

விளக்கை அணைக்கிற அந்தக் கை செய்வது அறமா, வெறும் சிக்கனமா?

பழைய கேள்வி இது. புறநானூற்றில் கொடைவள்ளல் ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், மறுபிறவியில் பலன் வருமென்று கணக்குப் போட்டுக் கொடுப்பவன் அல்லன் அவன் என்கிறார். கொடுத்ததற்குப் பதிலாக எதையோ எதிர்பார்த்தால் அது வியாபாரம் என்பது அந்தப் புலவரின் தெளிவு. 1785-இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் இதே இடத்துக்கு ஒரு மளிகைக் கடைக்காரரோடு வந்து சேர்ந்தார். விவரம் தெரியாத சிறு பிள்ளை வந்தாலும் அவர் ஒரே விலைதான் வாங்குகிறார். ஆனால் கடையின் பெயர் கெடக்கூடாது என்பதற்காக வாங்குகிறார். செய்கை சரி, ஆனாலும் அதற்கு அறத்தின் மதிப்பு கிடையாது என்பது காண்ட்டின் தீர்ப்பு. இந்த இருவர் முன்னாலும் கரண்ட் பில்லுக்குப் பயந்து விளக்கை அணைப்பவர் தேறமாட்டார்.

அணைந்த விளக்கு அணைந்ததுதானே, நோக்கம் எதுவானால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மின்விசிறியை எடுத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

சாதாரண மின்விசிறி முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த விசிறி அதே காற்றை 30 வாட்டில் தந்துவிடும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம், அறுபது நாள் என்று கணக்கிட்டால் பழைய விசிறிக்கு 54 யூனிட், புதியதற்கு 22 யூனிட்டுக்கும் குறைவு. மூன்று விசிறியை மாற்றிய வீட்டில் இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட 97 யூனிட் மிச்சம். அரசு தரும் இலவச நூறுக்கு நிகராக வீட்டுக்குள்ளேயே இன்னொரு நூறு பிறந்த மாதிரி. 60 வாட் குண்டு பல்பின் இடத்துக்கு 9 வாட் எல்.இ.டி. வந்தபோதும் இதுதான் நடந்தது. ரிமோட்டில் மட்டும் அணைத்துவிட்டுப் போகிற செட்-டாப் பாக்ஸைச் சுவரிலுள்ள சுவிட்சிலேயே அணைப்பதும், ஏ.சி.யை ஒரு டிகிரி கூட்டி வைப்பதும் இந்த வகைதான். அந்த ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஆறு சதவீதம் மின்சாரம் மிஞ்சுமென்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது.

சரி, அந்த 97 யூனிட் எங்கே போகிறது?

பல வீடுகளில் அது புதிதாக வாங்கிய ஏ.சி.க்குள் போகிறது. மணிக்கு ஒரு யூனிட், இரவுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் மூன்று விசிறிகள் சேர்த்துக்கொடுத்த அவ்வளவும் பன்னிரண்டு இரவுகளில் கரைந்துவிடும். எல்.இ.டி. வந்த பிறகு, ‘ஒன்பது வாட்தானே’ என்று திண்ணை விளக்கு விடிய விடிய எரிவதும் வழக்கமாகிவிட்டது. வில்லியம் ஸ்டான்லி ஜெவோன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியல் அறிஞர் நிலக்கரியைப் பற்றி 1865-இல் எழுதிய நூலில் இதைக் கண்டு சொல்லிவிட்டார். ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம் அதற்கு முந்தையதைவிட மிகக் குறைந்த கரியில் ஓடியது. அதனாலேயே இயந்திரங்கள் பெருகி, இங்கிலாந்து எரித்த கரியின் மொத்த அளவு கூடிப்போனது. நோக்கம் எதுவானால் என்ன என்ற கேள்விக்கு இது ஒரு பதில். பணத்துக்காக மிச்சம் பிடிப்பவருக்கு, அந்தப் பணம் கையில் நிற்கும்போது மேலும் செலவழிக்காமலிருக்க ஒரு காரணமும் இல்லை. முடமோசியாரும் காண்ட்டும் வெறும் மனத்தூய்மையைப் பற்றித்தான் பேசினார்கள் என்று ஒதுக்க முடியாது. நோக்கம் எதுவோ, அதற்கேற்ப அடுத்த செய்கையும் மாறுகிறது.

அப்படியானால் எந்த நோக்கம்? இதற்கு விடை தேடக் கடலூர் மாவட்டம் ஏற்ற இடம். வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் இராமலிங்கர் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். நிலம் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வந்தவருக்கு அங்கே சோறு உண்டு. அவர் வணங்கச் சொன்னது உருவத்தை அல்ல, ஒளியை. பயிர் வாடினாலும் தம் உள்ளம் உடன் வாடுவதாகப் பாடியவர் அவர்.

அதே வடலூருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி நெய்வேலி. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கறுப்பு மண்ணாகக் கிடைத்த பழுப்பு நிலக்கரிதான் அந்த ஊரின் தொடக்கம். 1956-இல் அரசு நிறுவனம் அமைந்தது, 1962-இல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. ஒரு தலைமுறையே அதில் வேலை பெற்றது, தமிழ்நாட்டின் வீடுகள் பல அதனால் வெளிச்சம் பெற்றன. அந்த நன்றியை மறப்பது நேர்மையல்ல. ஆனால் பழுப்பு நிலக்கரி திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து வருவது. மேலேயுள்ள வயலை, தோப்பை, சில இடங்களில் ஊரையே அகற்றினால்தான் கீழேயுள்ளதை அள்ள முடியும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். சுரங்கத்தில் நீர் புகாமலிருக்க நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்கவும் வேண்டும்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களுக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்டுவதற்காக. நிலம் முன்பே கையகப்படுத்தியது, அதற்குப் பணமும் கொடுத்தாகிவிட்டது என்றது ஒரு தரப்பு. அறுவடை வரையாவது பொறுத்திருக்கக்கூடாதா என்றது இன்னொரு தரப்பு. பச்சைப் பயிர் மண்ணுக்குள் புதைந்த காட்சி நாடெங்கும் பரவியது.

பணம் கொடுத்தாகிவிட்டது. இந்தச் சொல்லைத்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும். சுரங்கம் வயலைப் பார்த்துச் சொன்ன அதே சொல்லைத்தான் கரண்ட் பில்லைக் கட்டிய வீடும் சொல்கிறது: ‘காசு கட்டிவிட்டேன், என் இஷ்டம்.’ விலை கொடுத்ததும் உறவு முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது. புதைந்த நெல்லின் விலையைப் பேசி முடிக்கலாம். அந்த நெல்லைப் புதைத்து வந்த வெளிச்சத்தை வீணாக எரிக்கும் உரிமையும் அந்த விலைக்குள் அடங்குமா? அடங்காது என்பதே இந்தக் கட்டுரையின் நிலை.

பௌத்தர்களிடம் இதற்கு நல்ல கதை ஒன்று உண்டு. உதயணன் — தமிழில் பெருங்கதையின் நாயகனாக வருபவனும் இவன்தான் — கோசாம்பியை ஆண்டபோது அவனுடைய தேவியர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளைத் தானம் செய்தார்கள். இத்தனை துணியை வைத்துத் துறவி ஒருவர் என்ன செய்வார், கடை போடப்போகிறாரா என்று அரசனுக்குச் சந்தேகம். நேரில் போய்க் கேட்டான். கிழிந்த ஆடை உடுத்தவர்களுக்குக் கொடுப்போம் என்றார் ஆனந்தர். கிழிந்ததை? படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்பை? மெத்தை உறையாக்குவோம். அதுவும் நைந்தால் தரை விரிப்பு, பிறகு கால்மிதி, பிறகு தூசி துடைக்கும் துணி. கடைசியில் நார் நாராகக் கொத்தி, சேற்றோடு பிசைந்து தரைக்குப் பூசுவோம். அரசன் மகிழ்ந்து இன்னும் ஐந்நூறு ஆடைகளைக் கொடுத்தான்.

ஆனந்தர் மிச்சப்படுத்திய துணிக்குப் பணம் கட்டியவர் அவரல்லர், வீணாக்கினால் அவருக்கு நட்டமும் இல்லை. பிறர் உழைப்பிலிருந்து கைக்கு வந்த பொருள், அதன் கடைசி இழை வரை பயன்பட வேண்டும் என்பது மட்டுமே காரணம். கொடுத்தது எதுவும் வீணாகாது என்று தெரிந்ததால்தான் அரசன் மேலும் கொடுத்தான்.

இதையே சாக்காக வைத்து இல்லாதவருக்கு உபதேசம் செய்யக்கூடாது. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டைத் தாண்டாத குடும்பத்துக்குச் சிக்கனம் கற்பிக்க எவருக்கும் தகுதியில்லை. அவர்களுக்கு வேண்டியது இன்னொரு விசிறி. அக்னி நட்சத்திர இரவில் மூச்சுக்குத் திணறும் முதியவருக்கு ஏ.சி. போடுவது வள்ளலார் சொன்ன ஜீவகாருண்யம்தான். பசித்தவனுக்குச் சோறு முதலில் என்றவர் யாரையும் இருட்டில் உட்காரச் சொல்லவில்லை. கேள்வி, தேவைக்கு மேல் வைத்திருப்பவர்களுடையது.

அவர்களுக்குக் கூரையில் சூரியத்தகடு நல்ல வழி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் தகடு நம் வெயிலில் நாளுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். பில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் ஆன வீடுகளும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பூஜ்யத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். பகலில் வீட்டார் வேலைக்குப் போய்விட, பூட்டிய வீட்டின் மொட்டைமாடியில் விளைந்த மின்சாரம் தெருக்கம்பி வழியாக எதிர்வீட்டு மிக்ஸிக்கும், முனைக்கடைத் தையல் இயந்திரத்துக்கும் போகிறது. அவ்வளவும் கொடை மாதிரிதான். பொழுது சாய்ந்ததும் தகடு உறங்கிவிடும். இரவு பத்து மணிக்கு அந்த வீட்டில் ஓடும் ஏ.சி.க்குக் கம்பியில் வருவது பெரும்பாலும் அனல்மின்சாரம். மீட்டர் இரண்டையும் கழித்து நேராக்கிவிடுகிறது. அதே நேரம் நெய்வேலியிலோ மேட்டூரிலோ தூத்துக்குடியிலோ இரவுப் பணிக்கு வந்தவர்கள் கொதிகலனின் முன் நிற்கிறார்கள். கரி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.