காத்தலும் களைதலும்

பிர்ச் மரக்கன்றை வேரோடு பிடுங்குவது காத்தலா, அழித்தலா? ஹம்பர்க்குக்குத் தெற்கே லூனெபுர்க் ஹைடெ காப்புநிலத்தில் தன்னார்வலர்களோடு கன்று களையப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை. கொல்லாமையைச் சொல்லி வளர்த்த சைவக் குடும்பம் எங்களுடையது. சாண் உயரக் கன்று ஓர் இழுப்பில் வந்துவிடும். வேரில் சாம்பல்நிற மணல் ஒட்டியிருக்கும். சத்தெல்லாம் மழையோடு கீழே இறங்கிப்போன மணல்.

அந்தச் சத்தில்லாத மண்ணில்தான் ஹீதர் புதர் செழிக்கிறது. ஆகஸ்டில் ஊதாவாகப் பூக்கும் இந்த வெளி தானாக உண்டானதல்ல. காட்டை வெட்டியவர்களும், ஹைட்ஷ்னுக்கெ ஆடு மேய்த்தவர்களும், மேல்மண்ணைப் புதரோடு செதுக்கித் தொழுவத்தில் பரப்பியவர்களும் பல நூற்றாண்டுகளில் உண்டாக்கியது. 1906இல் எகெஸ்டோர்ஃப் ஊர்ப் பாதிரியார் வில்ஹெல்ம் போடெ, பேராசிரியர் ஆண்ட்ரெயாஸ் தோம்சன் தந்த பணத்தில் டோட்டன்குருண்ட் பள்ளத்தை வாங்கி, அங்கே வீடுகள் எழாமல் தடுத்தார். ஆனால் வாங்கிப் போட்டால் மட்டும் ஹீதர் பிழைக்காது. ஆடும் மண்வெட்டியும் குளிர்காலத்தில் அளவாக வைக்கும் தீயும் இல்லாவிட்டால் பிர்ச்சும் பைனும் மூடிவிடும். ஹீதர் விதைக்கு வெயில் படும் வெற்றுமண் கிடைக்காது.

அதே காப்புநிலத்தின் பீட்ஸ்மோர் சதுப்பில் கடமை வேறு. விறகுக்குப் பதிலாக எரிக்க அங்கே மக்கிய பாசிமண்ணை வெட்டி எடுத்தார்கள். நீரை வடிக்க வாய்க்கால் தோண்டினார்கள். இப்போது அவற்றை அடைத்து நீரைத் தேக்குகிறார்கள். பிறகு காத்திருக்க வேண்டியதுதான்: பாசிமண் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் உயரும்.

ஆகவே தொடாதிருப்பதே அகிம்சை என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. சைவ சித்தாந்தம் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் ஐந்தையும் இறைவன் ஒருவனுக்கே உரிய தொழிலாகச் சொல்கிறது. அழித்தலையும் களைத்த உயிருக்கு இளைப்பாற்றலாகக் காண்கிறது. ஆனால் நாம் இறைவன் அல்ல. எந்த உயிருக்கு எது இளைப்பாற்றல் என்று தீர்மானிக்கும் அறிவு நமக்கில்லை. கன்றைக் கொன்றேன் என்பதை எந்தத் தத்துவத்தாலும் மறைக்க மாட்டேன்.

ஆயினும் தரையில் முட்டையிடும் பக்கிப் பறவையும் மணல் பல்லியும் மனிதர் உண்டாக்கிய இந்த வெளியை நம்பி வாழத் தொடங்கிவிட்டன. அதன்பின் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைக் கொல்லாமை என்று என்னால் ஒப்ப முடியவில்லை, அது கைவிடுதல். சரிவு முழுவதையும் ஒரேயடியாக வெறுமையாக்காமல், பல்லி ஒதுங்க இடம் விட்டுத் துண்டுதுண்டாகச் செதுக்குகிறார்களே, அந்த அளவறிதலைத்தான் நான் அறம் என்கிறேன்.