கற்போரை அறியும் அளவை

மாணவர் ஒருவரைப் பற்றித் திரட்டப்படும் தரவு அம்மாணவரைப் பற்றிய அறிவாகுமா என்னும் வினா கணினியோடு பிறந்ததுபோலத் தோன்றினாலும், ஓர் அறிவு எவ்வழியாகப் பெறப்பட்டது, அவ்வழி எதுவரை நம்பத்தக்கது என்று ஆராய்ந்த அளவை நூலார் எழுப்பிய வினாவின் தொடர்ச்சியே அது. மணிமேகலையின் 27ஆம் காதையில் சமயக் கணக்கர் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும்போது முதலிற் பேசுபவர் அளவைவாதியே. 29ஆம் காதையோ பௌத்த அளவையியலையும் அதில் நேரக்கூடிய பிழைகளையும் வகுத்துக் காட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரின் சுபக்கத்தை இயற்றியபோது, இறை, உயிர், தளை பற்றிய ஆய்வுக்குள் புகுமுன், பலவாக எண்ணப்பட்டு வந்த அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். காட்சியாவது நேரே அறிவது. கருதலாவது கண்ட அடையாளத்தைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது. உரையாவது குற்றமற்றோர் மொழியை ஏற்று அறிவது. இன்றைய பள்ளிகளில் குவியும் தரவு இம்மூன்றனுள் எதில் அடங்கும் என்று தெளிந்துகொள்ளாமல், அதனால் கற்பித்தல் மேம்படுமா என்று வாதிடுவதில் பயன் குறைவு.

தீபகற்ப மலேசியாவின் தென்கோடி மாநிலமாகிய ஜொகூர் இவ்வினாவை ஆராய ஏற்ற களம். அங்குள்ள ஏறத்தாழ 70 தேசிய வகைத் தமிழ்ப்பள்ளிகளுட் பல, ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தோன்றியவை. தோட்டத் துண்டாடலாலும் வேலைவாய்ப்பின் இடமாற்றத்தாலும் மக்கள் ஸ்கூடாய், மாசாய், ஜொகூர் பாரு ஆகிய நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்ததனால், ஒருபுறம் நெரிசல் மிகுந்த நகரப் பள்ளிகளும் மறுபுறம் 150 மாணவரை எட்டாமையால் குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்தப்பட்ட உட்புறப் பள்ளிகளும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இயங்குகின்றன. கூலாய் வட்டாரத்தின் செடெனாக்கில், செம்பனை நின்ற மண்ணில் இப்போது தரவு மையங்கள் எழுகின்றன. அவற்றில் சேமிக்கப்படுவது உள்ளூர்ப் பிள்ளைகளின் அடைவுநிலைகள் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் நிலத்தின் விளைபொருளே மாறிவிட்ட ஒரு மாநிலத்தில், எண்ணி வைப்பதே அறிவது என்னும் எண்ணம் எளிதில் வேர்விடும். 2020இல் கல்வி அமைச்சு தொடங்கிய டெலிமா என்னும் கற்றல் தளமும், மாணவர் பதிவுகளைத் தாங்கும் ஐடிமீ தளமும், 2023இல் வெளியிடப்பட்ட இலக்கவியல் கல்விக் கொள்கையும் இந்த எண்ணத்திற்கு நிறுவன வடிவம் தந்துள்ளன.

தேசியக் கல்வித் தத்துவம் வகுக்கப்பட்ட 1988ஆம் ஆண்டிலேயே, ஆறாம் ஆண்டு மாணவருக்குரிய யூ.பி.எஸ்.ஆர் தேர்வும் தொடங்கியது. இறைநம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டு அறிவும் ஆன்மிகமும் உணர்வும் உடலும் இயைந்து வளர வேண்டும் என்று முன்னது கூறியது. பின்னது அவற்றுள் எழுதிக் காட்டக்கூடிய ஒரு பகுதியை மட்டும் எழுத்துத் தரங்களாக மாற்றியது. மூன்று பத்தாண்டுகளுக்கு மேலாகத் தமிழ் நாளேடுகளும் பெற்றோர் சங்கங்களும் கொண்டாடியது பின்னதைத்தான். இந்தப் பிளவை ஒட்டவைக்கும் முயற்சியாக 2011இல் வந்த பள்ளிசார் மதிப்பீடு, ஒன்று முதல் ஆறு வரையிலான நிலைகளை வகுத்து, நான்காம் நிலை முதல் பண்பையும் அளவுகோலுக்குள் கொண்டுவந்தது. அறிதல், புரிதல், செய்தல் ஆகியவற்றுக்கு மேல், பண்போடு செய்தல், போற்றத்தக்க பண்போடு செய்தல், பிறர்க்கு முன்மாதிரியான பண்போடு செய்தல் என அந்நிலைகள் உயர்ந்தன. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் பத்து வயதுப் பிள்ளையின் பண்பு போற்றத்தக்கதா, முன்மாதிரியானதா என்பதை ஒரு கட்டத்தில் குறித்துத் தளத்தில் ஏற்றும்படி ஆசிரியரைக் கேட்பது, அளவை நூலார் எவரும் துணியாத செயல். சேவையகம் நெரிசலைத் தாங்காமையால் நள்ளிரவிலும் விழித்திருந்து பதிவேற்ற வேண்டியிருந்ததாக அக்கால ஆசிரியர்கள் பரவலாக முறையிட்டனர். அவ்வாறு பதிவான எண்கள் பிள்ளையின் பண்பைக் காட்டிலும் பதிவேற்றியவரின் களைப்பையே மிகுதியாகக் காட்டக்கூடும் என்பதைப் பின்னாளில் அவற்றை ஆராய்வோர் கருத்திற்கொள்ள வேண்டும். 2021இல் யூ.பி.எஸ்.ஆர் நீக்கப்பட்டபின், பள்ளிசார் மதிப்பீட்டின் ஒரு கூறான வகுப்புசார் மதிப்பீடே தொடக்கப்பள்ளியின் முதன்மைப் பதிவாகியிருப்பதால், இவ்வெண்களின் தன்மை பற்றிய கேள்வி முன்னிலும் அவசரமாகிறது.

அடைவுநிலை எண் காட்சியன்று. பிள்ளை வாசிப்பதைக் கேட்கும் ஆசிரியருக்குக் கிட்டுவதே காட்சி. அதிலும் பிள்ளைக்குள் நிகழும் புரிதலும் குழப்பமும் ஆசிரியர் காட்சிக்கும் அப்பாற்பட்டவை. உயிர் தன் இன்பதுன்பங்களைத் தானே உணர்வதைச் சித்தாந்தம் தன்வேதனைக் காட்சி எனத் தனியே பிரித்து வைத்தது, இத்தகைய அறிவு உரியவருக்கன்றிப் பிறருக்கு நேரே எட்டாது என்பதனால்தான். எனவே விடைத்தாள், வருகைப் பதிவு, காணொளியைப் பார்த்த நேரம், தளத்தில் நுழைந்த தடவைகள் ஆகிய யாவும் அடையாளங்கள். அவற்றிலிருந்து கற்றல் உய்த்துணரப்படுகிறது. இவ்வாறு மாணவர் விட்டுச்செல்லும் இலக்கவியல் தடங்களைத் தொகுத்து ஆராயும் கற்றல் பகுப்பாய்வு என்னும் துறை முழுவதும் கருதலின் எல்லைக்குள் அடங்குவது.

கருதல் பிழையான வழியன்று. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: புகை தீயின்றி இராது என்பது போன்ற பிரியாத தொடர்பு ஏதுவுக்கும் துணியப்படும் பொருளுக்கும் இடையே இருத்தல் வேண்டும். துணியப்படும் பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் அடையாளத்தை மணிமேகலை அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியாக, அதாவது காரணம்போலத் தோன்றும் பொய்க்காரணமாக எண்ணுகிறது. 2020 மார்ச் மாதம் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது வீட்டிலிருந்தே பயின்ற பிள்ளைகளுள், ஒரே கைப்பேசியை உடன்பிறந்தாரோடு பகிர்ந்துகொண்டவர் வகுப்பில் நுழையவில்லை என்பது ஆர்வமின்மைக்கு அடையாளமாகாது. நுழைந்திருந்த மற்றொருவர் கற்றார் என்பதற்கும் அந்நுழைவு சான்றாகாது. பள்ளி அனுப்பிய புலனச் (வாட்ஸ்அப்) செய்தியைப் படிக்காத தந்தை பிள்ளையின் படிப்பில் அக்கறையற்றவர் என்று ஒரு பட்டியல் முடிவு செய்யலாம். விடியுமுன் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புபவர்கள் நிறைந்த மாநிலத்தில் அம்முடிவுக்கு எத்தனை மதிப்பு உண்டு? உயராய்வும் இப்பிழைக்கு விலக்கன்று. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம், பின்தங்கும் மாணவரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளால் எச்சரிக்கும் ஒரு மென்பொருள் படிப்பைக் கைவிடுவோர் எண்ணிக்கையைக் குறைத்ததாக அறிவித்தது. அம்மென்பொருள் உள்ள பாடங்களை மிகுதியாகப் பயின்றதனால் மாணவர் நிலைத்தனரா, நிலைத்ததனால் அத்தகைய பாடங்களை மிகுதியாகப் பயில நேர்ந்ததா என்று 2013இல் வினவப்பட்டபோது அவ்வறிவிப்பின் அடித்தளம் ஆட்டங்கண்டது.

உட்புறத் தமிழ்ப்பள்ளிகளில் கருதலுக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. எட்டுப் பேர் பயிலும் வகுப்பில் ஒரு பிள்ளை 12.5 விழுக்காடு, ஒருவருக்குத் தேர்வு நாளில் காய்ச்சல் கண்டால் பள்ளியின் தேர்ச்சி விகிதமே சரியும், மறு ஆண்டு அது மீண்டால் முன்னேற்றம் என்று பாராட்டப்படும். இரண்டுக்கும் கற்பித்தலோடு தொடர்பில்லை. இங்கிலாந்தில் 2020இல் பள்ளியிறுதித் தேர்வுகள் கைவிடப்பட்டபோது, ஒவ்வொரு பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் முடிவுகளையும் ஆசிரியர் தந்த தரவரிசையையும் கொண்டு ஒரு கணிப்புமுறை மதிப்பெண் வழங்கியது. ஐந்து பேர் வரையுள்ள குழுக்களுக்கு அக்கணிப்பு செல்லாது என்று உணர்ந்து ஆசிரியர் மதிப்பீட்டையே அதை வகுத்தோர் ஏற்றனர். ஏனையோருள் பெரும்பாலோரைக் கணிப்பு ஆண்டது. ஆசிரியர் தந்த மதிப்பீடுகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கப்பட்டன. ஆகஸ்ட் 13ஆம் நாள் வெளிவந்த முடிவுகள், எழுந்த கொந்தளிப்பால், நான்கே நாள்களில் கைவிடப்பட்டன.

அக்கணிப்பை எதிர்த்தோர் அதை அநீதி என்றனர். சைவ சித்தாந்தத்தின் வினைக்கொள்கையோடு ஒப்புநோக்கினால் அந்த அநீதியின் வடிவம் துலங்குகிறது. வினை செய்தவனையே சென்று பற்றும் என்பதும், ஒருவன் வினையைப் பிறன் நுகரான் என்பதும் அக்கொள்கையின் அடித்தளம். கணிப்புமுறையிலோ, அதே பள்ளியில் முன்னர்ப் பயின்று சென்றவர்களின் விளைவு, அவர்கள் முகமும் அறியாத ஒரு பிள்ளையின்மேல் வந்து விழுந்தது. பலரைப் பற்றிய பொதுமை ஒருவரைப் பற்றிய தீர்ப்பாகும்போதெல்லாம் இதுவே நிகழ்கிறது. தோட்டப்புறத்திலிருந்து வருபவர், தனித்து வாழும் தாயின் பிள்ளை, வீட்டில் இணையம் இல்லாதவர் என்னும் குறியீடுகளைக் கொண்டு ஒருவர் பின்தங்குவார் என முன்னுரைக்கும் எந்த மென்பொருளும் இக்குற்றத்திற்கு ஆளாகும்.

இதனினும் ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. மலைமேல் தீ உண்டு என்று அடிவாரத்தில் நிற்பவர் கருதுவதால் அத்தீ கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. உயிரின் இயல்போ அவ்வாறன்று. சார்ந்ததன் வண்ணமாதல், அதாவது எதனைப் பற்றி நிற்கிறதோ அதன் தன்மையாகத் தோன்றுதல், அதன் இலக்கணம் என்று மெய்கண்டார் வழிவந்த சித்தாந்த மரபு கூறுகிறது. பின்தங்கியவர் என்று பெயரிடப்பட்ட பிள்ளையிடம் கேட்கப்படும் கேள்விகள் எளிதாகின்றன, கொடுக்கப்படும் நூல்கள் மெலிகின்றன, அமரும் இடம் மாறுகிறது, உடன் அமர்வோரும் மாறுகின்றனர். சில திங்களில் அப்பிள்ளை அப்பெயருக்கு ஏற்றவாறு ஆகிவிடுவதும், கணிப்பு உண்மையாயிற்று என்று ஆய்வறிக்கை மகிழ்வதும் நேரலாம். யூ.பி.எஸ்.ஆர் காலத்தில் மலாய்மொழியில் உரிய தேர்ச்சியை எட்டாத தமிழ்ப்பள்ளி மாணவர், இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு எனப்படும் கூடுதல் ஓராண்டைக் கழிக்க நேர்ந்தது. அந்த ஆண்டு மொழிப்பயிற்சிக்காக ஏற்பட்டதே எனினும், தம் வயதொத்தோர் முன்னே செல்லத் தாம் பின்னே நிற்கும் நிலையையும் அது உடன் கற்பித்தது. ஆகவே மாணவர் பற்றிய கணிப்பு வெறும் அறிவன்று. அது அவர்மேல் நிகழ்த்தப்படும் ஒரு செயல், செயலுக்குரிய பொறுப்பு கணிப்பவரைச் சாரும்.

இவ்வளவும் கூறியதனால் ஆசிரியரின் கண்ணே போதும், எண் வேண்டா என்று முடிவு கட்டுவது தவறு. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை அன்னமும் பசுவும் போல்வார், மண்ணும் கிளியும் போல்வார், ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வார் என மூவகையாகத் தரம் பிரித்தது. கணினி இல்லாத காலத்திலும் முத்திரை குத்தும் பழக்கம் இருந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. எருமை என்று ஒருமுறை கண்ட ஆசிரியர் மறுமுறை உற்றுநோக்கினார் என்பதற்கு உறுதியும் இல்லை. ஆயினும் அதே பாயிரம், கொள்பவரின் திறமறிந்து அதற்கேற்பக் கற்பிக்கும் கடமையை ஆசிரியர்மேல் சுமத்துகிறது. ஐயமும் திரிபும் காட்சியையும் கெடுக்கும் என்று சித்தாந்தம் எச்சரித்தது. தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டது அத்தகைய திரிபுக்காட்சியே, அதைத் தகர்ப்பதில் முறையாகத் திரட்டிய எண்களுக்கும் பங்குண்டு. 2010இல் தொடங்கிய லீனுஸ் திட்டம் முதல் மூன்று ஆண்டுகளில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளைச் சோதித்துக் கண்டறிந்து உடனே உதவியளிக்க முயன்றது. சோம்பேறி என்று கடைசி வரிசைக்குத் தள்ளப்படும் பிள்ளைக்கு அத்தகைய சோதனை ஒரு மீட்பு. ஆனால் அதில் முதலில் அளக்கப்பட்டவை மலாய் எழுத்தறிவும் எண்ணறிவும், 2013 முதல் ஆங்கிலமும். தமிழைச் சரளமாக வாசித்து மலாயில் தடுமாறும் பிள்ளையை எழுத்தறிவற்றவர் என்று ஒரு கட்டம் குறிக்குமாயின், அக்கட்டம் பொய் சொல்லவில்லை, தனக்குத் தெரியாததைச் சொல்லாமல் விட்டது.

எட்டுப் பேரின் விழுக்காடு பொருளற்றது. அவ்வெட்டுப் பேரும் பின்னக் கணக்கில் ஒரே படியில் வழுக்கினர் என்னும் குறிப்போ பொருள் மிக்கது, ஏனெனில் அது பிள்ளைகளைப் பற்றிய தீர்ப்பாகாமல் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட முறையைப் பற்றிய வினாவாகிறது. குளுவாங்கிலும் சிகாமட்டிலும் உள்ள சிறு பள்ளிகள் தம் மாணவரின் விடைத்தவறுகளைப் பெயரின்றித் தொகுத்துப் பகிர்ந்து, ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற அண்டை நிறுவனங்களின் ஆய்வாளரோடு சேர்ந்து ஆராய்ந்தால், எந்தப் பள்ளி முந்தியது என்பதைவிட, தமிழில் சிந்திக்கும் பிள்ளைக்கு எந்த விளக்கம் எங்கே உடைகிறது என்பது வெளிப்படும். குறியீடுகள் ஒருவரை அளந்துவிடா என்பதற்குச் சித்தாந்த மரபிலேயே சான்று உண்டு: அம்மரபின் ஆசிரியராகிய மெய்கண்டார் சிறுவராயிருந்து போதித்தபோது, முதியவரும் ஆகமங்களைக் கற்றுத் துறைபோனவருமான அருணந்தியே வந்து அவருக்கு மாணவரானார் என்று மரபு கூறும். வயது, படிப்பு, குருமரபு என எந்தக் குறியீட்டைக் கொண்டு கணித்திருந்தாலும் இருவரின் இடமும் தலைகீழாகவே குறிக்கப்பட்டிருக்கும்.

எஞ்சுவது உரை என்னும் அளவை. திரையில் தோன்றும் எண்ணைப் பெற்றோரும் ஆசிரியரும் பெரும்பாலும் கருதலாக எண்ணி ஆராய்வதில்லை, உரையாக ஏற்கின்றனர். உரை அளவையாவதற்குச் சொல்வோனின் குற்றமின்மை வேண்டும். தன் கணிப்புமுறையை வணிக மறையாகக் காக்கும் மென்பொருளிடம் அதை ஆராய வழியில்லை, ஆகவே அதன் சொல்லை உரையாகக் கொள்ளவும் இடமில்லை. பதிவுகளை அழித்தல் பற்றிய சிக்கலும் இதனோடு சேர்ந்தது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களைக் கட்டுப்படுத்துவது. கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் அது பொருந்தாது. ஆதலால் அரசிடம் உள்ள மாணவர் பதிவு எத்தனை காலம் இருக்கும், யார் அதைக் காண்பர் என்பவற்றை வரையறுக்கும் பொறுப்பு நிர்வாக விதிகளிடமே விடப்பட்டுள்ளது. சேர்த்து வைக்கப்பட்ட வினையாகிய சஞ்சிதம் தீக்கையின்போது குருவால் எரிக்கப்படும் என்பது சித்தாந்தம். குவிந்ததைக் கணக்கிடும் அதிகாரத்தைக் காட்டிலும் அழிக்கும் அதிகாரத்தையே அது குருவின் அடையாளமாகக் கொண்டது. வகுப்புசார் மதிப்பீடு ஆசிரியரின் தொழில்சார் தீர்ப்புக்கு இடம் தருவதால், அடைவுநிலையை அவர் ஆண்டிறுதிக்குள் உயர்த்த முடியும். முதலாண்டில் தடுமாறியவர் என்று குறிக்கப்பட்ட பிள்ளை ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறும்போது, பெயரோடு பிணைந்த அந்தப் பழைய குறிப்பை நீக்கும் உரிமை அதைக் குறித்த ஆசிரியருக்கு உண்டா என்பதையும், ஆய்வுக்குப் பெயர் நீக்கிய தொகுப்பே போதுமாயிருக்க அக்குறிப்பு எதற்காக நிலைக்க வேண்டும் என்பதையும் இலக்கவியல் கல்விக் கொள்கையை நடைமுறைப்படுத்துவோர் விளக்க வேண்டியுள்ளது.