ரூட்

பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, நான்கு டெராபைட் டிஸ்க் ஒன்றைச் சேர்த்து வீட்டுக்கென்று ஒரு சர்வர் அமைத்தேன். அப்பா, அம்மா, தங்கை, நான் என நான்கு கணக்குகள். ‘குடும்பம்’ என்று பொதுவாக ஒரு ஃபோல்டர்: கல்யாண ஆல்பம், பட்டா நகல், இன்ஷூரன்ஸ் காகிதங்கள். மற்றபடி அவரவர் ஃபோல்டர் அவரவருக்கு மட்டும். அனுமதி 700.

யூனிக்ஸில் இந்த மூன்று இலக்கங்கள் உரிமையாளர், குழு, மற்றவர்கள் ஆகிய மூவருக்கானவை. படிக்க 4, எழுத 2, ஃபோல்டருக்குள் நுழைய 1. கூட்டினால் 7. பெல் லேப்ஸில் பலர் ஒரே கணினியில் ஒண்டுக்குடித்தனம் நடத்திய காலத்து ஏற்பாடு.

அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். “உன் ஃபோல்டரை யாராலயும் திறக்க முடியாதும்மா.”

“உன்னால?”

“நான் படிக்க மாட்டேன்.”

“நான் அதைக் கேக்கலையே.”

உண்மைதான். 700 எல்லாம் ரூட் கணக்கைத் தடுக்காது. ரூட் கடவுச்சொல் என்னிடம். போதாததற்கு, இரவு பேக்கப் ஓடும்போது கோப்புகளின் பெயர்கள் வரிசையாக என் திரையில் ஓடும். ஒருநாள் அம்மாவின் கணக்கிலிருந்து ஒரு பெயர் ஓடியது: ‘அவரிடம் சொல்லாதது’.

திறக்கவில்லை. திறக்காததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சுதல்தான் பிறகு உறுத்தியது. மாற்றுச்சாவி வைத்திருக்கும் ஹவுஸ் ஓனர், “நான் உள்ள வர்றதே இல்லை” என்று சொல்லும்போது குடியிருப்பவர் ஏன் நன்றி சொல்ல வேண்டும்? ஓனர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் கதவு சாத்தியிருப்பது அவருடைய நல்ல குணத்தால் மட்டுமே.

அம்மா என்னை நம்புகிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம். நம்ப மறுக்கவும் வழி இருந்தால்தானே அது நம்பிக்கை? அவளுக்கு அந்த வழியை நான் வைக்கவே இல்லை. சால்ட்ஸரும் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய பாதுகாப்புக் கட்டுரையில் ஒரு விதி உண்டு: யாருக்கும் வேலைக்குத் தேவையானதற்கு மேல் அதிகாரம் கூடாது. ஆபீஸில் இதைச் சொல்லி எத்தனை பேரின் கோரிக்கைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! வீட்டில் மட்டும் நான் மகன் என்பதே போதுமானதாக இருந்தது.

கிரிப்டோமேட்டர் போட்டுக்கொடுத்தேன். கோப்புகளும் அவற்றின் பெயர்களும் அம்மாவின் லேப்டாப்பிலேயே பூட்டப்பட்டுத்தான் சர்வருக்கு வரும். அந்த லேப்டாப்பின் நிர்வாகக் கணக்கை அவளிடமே ஒப்படைத்தேன். பூட்டாத பழைய பேக்கப் பிரதிகளை அழித்தேன்.

“இனி என்னால படிக்க முடியாது. ஆனா அழிக்க முடியும். அதையும் சொல்லிடறேன்.”

“பாஸ்வேர்டு மறந்துட்டா?”

“மீட்க ஒரு நீளமான சொல்வரிசை குடுக்கும். அதுவும் தொலைஞ்சா எல்லாம் போச்சு. என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

இங்கேதான் எனக்குத் தயக்கம். இழந்துவிடும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்காமல் ஒருவருக்குத் தனிமையைக் கொடுக்க முடியாதா? முடியாது என்றே இப்போது நினைக்கிறேன். “உன் நல்லதுக்குத்தான்” என்று நாம் எடுத்து வைத்துக்கொள்ளும் சாவி, எல்லாக் கதவையும் திறக்கும்.

அம்மா அந்தச் சொல்வரிசையை ஒரு தாளில் எழுதி மதுரையில் இருக்கும் சித்தியிடம் கொடுத்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

“என்கிட்டயே குடுத்திருக்கலாமே?”

“உன்கிட்டதான் டிஸ்க் இருக்கே.”

ஒரு பூட்டுக்கு இரண்டு சாவிகள், வெவ்வேறு கைகளில். அதே கட்டுரையில் இதுவும் ஒரு விதி. அம்மா அதைப் படித்ததில்லை.

பேக்கப் இன்றும் இரவில் ஓடுகிறது. அம்மாவின் பகுதி வரும்போது பொருளற்ற எழுத்துகள் மட்டும். எத்தனை கோப்புகள் என்று தெரிகிறது. எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது.