குளிரும் கவலையும்: பொறுத்தல் யாருக்குரியது?

முன்பனிக் காலம் வந்துவிட்டால் நம் இல்லங்களில் நடைபெறும் பேச்சு பெரும்பாலும் இரண்டு பொருள்களைச் சுற்றியே அமைகின்றது. ஒன்று உடலை வாட்டும் குளிர். மற்றொன்று மனத்தை அழுத்தும் கவலை. போர்வை போதவில்லை, மூட்டுவலி கூடிவிட்டது என்று பாட்டி தொடங்குவார். பொதுத்தேர்வு நெருங்குகிறது, உறக்கம் வரவில்லை என்று பேரன் தன் குறையைச் சொல்வான். அலுவலகத்துச் சுமையோடு வீடு திரும்பிய மருமகளோ ஒன்றும் சொல்லாமலே அடுப்படிக்குச் சென்றுவிடுவாள். அவ்வேளையில் யாரேனும் ஒருவர், "இவையெல்லாம் பரீஷஹம், பொறுத்துக்கொள்வதே தர்மம்" என்று கூறிப் பேச்சை முடித்துவிடுவார். கேட்பதற்கு ஆகம வாக்குப்போல் தோன்றும் இந்த விடை சரியானதுதானா என்பதை நாம் சற்று நிதானமாக ஆராய வேண்டியுள்ளது.

பரீஷஹங்கள் 22 என்று உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் எண்ணிக் கூறுகின்றார். பசியும் தாகமும் முதலிரண்டு, மூன்றாவது குளிர், நான்காவது வெப்பம். ஏழாவதாக வைக்கப்பட்டுள்ளது அரதி, அதாவது எதிலும் மனம் பொருந்தாத சோர்வு. உடலின் குளிரையும் உள்ளத்தின் சோர்வையும் ஒரே வரிசையில் வைத்த நுட்பம் எண்ணி மகிழத்தக்கது. ஒருவருக்கு ஒரே நேரத்தில் 19 பரீஷஹங்களுக்குமேல் நேரா என்றும் அந்நூல் கணக்கிடுகின்றது. குளிரும் வெப்பமும் ஒருங்கே வாரா. நடத்தல், அமர்தல், படுத்தல் ஆகிய மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றே நிகழும். ஆகவே மூன்று கழிகின்றன. வாழ்க்கையை உற்றுநோக்கியவர்கள் வகுத்த கணக்கு இது.

ஆனால் இவற்றைப் பொறுப்பது எதற்காக? நன்னெறியினின்று வழுவாதிருத்தற்கும் வினைகளை உதிர்த்தற்கும் என்று இரண்டு காரணங்களைச் சூத்திரமே தருகின்றது. மேற்கொண்ட நெறி ஒன்று உண்டு. அதில் நிலைத்துநிற்கத் தானே விரும்பிய ஆன்மா ஒன்று உண்டு. அதற்கே பொறுத்தல் தவமாகின்றது. எழுபது வயதுப் பாட்டி எந்த மகாவிரதத்தையும் மேற்கொள்ளவில்லை. அவரைக் குளிரில் நடுங்கவிட்டு அதற்குப் பரீஷஹம் என்று பெயர் சூட்டுவது, துறவியர்க்குரிய சொல்லை எடுத்து நம் அசட்டைக்குப் போர்வையாக்குவதேயாகும்.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்திலும் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலும் உள்ள கற்படுக்கைகளைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். வெறும் பாறையிலும் துறவியர் படுத்திருப்பர். அவர்கள் அதைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். எனினும் பாறை வழவழப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. தலைமாட்டில் தலையணைபோல் மேடு விடப்பட்டுள்ளது. குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி காடி வெட்டப்பட்டுள்ளது. இவற்றைச் செய்வித்தவர்கள் வணிகரும் அரசு அலுவலரும் ஊராருமாகிய இல்லறத்தாரே என்பதை ஆங்காங்கேயுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்கள் சொல்கின்றன. பொறுப்பது துறவியின் அறம். மழையும் குளிரும் அவரை அணுகாதபடி காடி வெட்டுவது இல்லறத்தானின் அறம். இரண்டும் ஒரே குகையில் 2,000 ஆண்டுகளாக அருகருகே இருக்கின்றன. "தவம் செய்பவர்தாமே, நனையட்டும்" என்று அன்றைய சிராவகர் எவரும் உளியைக் கீழே வைத்துவிடவில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழலாம். துன்பத்தைத் தருவது பாவமென்றால், நோன்பும் லோசமும்கூடப் பாவமாகாவோ? இவ்வினா புதியதன்று. துன்பம், சோகம், அழுகை முதலியவற்றைத் தன்னிடத்தோ பிறரிடத்தோ விளைவிப்பது அசாதா வேதனீய வினைக்குக் காரணம் என்று ஆறாம் அத்தியாயத்துச் சூத்திரம் கூறுகின்றது. அதற்கு உரைகண்ட பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் இந்த ஐயத்தைத் தாமே எழுப்பி விடையும் தருகின்றார். கருணையுள்ள மருத்துவன் ஒரு முனிவரின் கட்டியை அறுக்கும்போது வலி உண்டாகின்றது. ஆயினும் புறத்தே வலிக்குக் காரணமானான் என்பதனால் மட்டும் அவனைப் பாவம் பற்றுவதில்லை என்பது அவர் காட்டும் உவமை. ஆக, வலியினளவு அன்று, வலிக்குப் பின்னிற்கும் உள்ளமே வினையைத் தீர்மானிக்கின்றது. கருணையால் வலி தருபவனுக்கே இவ்விலக்கு. எழுந்துசென்று ஒரு போர்வை எடுத்துத்தரச் சோம்பி, "பொறுத்துக்கொள்" என்று சொல்பவன் இவ்வுவமையின் நிழலில் ஒதுங்க இயலாது.

அவ்வாறாயின் வேண்டுமளவு வெப்பத்தைத் தேடிக்கொள்ளலாமோ எனில், அதுவும் அன்று. நெருப்பையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டென்பது நம் கொள்கை. அடுப்பு மூட்டுதல் ஆரம்ப ஹிம்சையிற் சேரும். இல்லறத்தான் அதனை முற்றும் விலக்க இயலாது; ஆனால் அளவு செய்துகொள்ள இயலும். போகோபபோக பரிமாணம் என்னும் விரதம் வகுக்கப்பட்டது இதற்காகவே. ஒருவர் குளிருக்கு ஓர் அறையில் ஹீட்டர் போதுமாயிருக்க, ஆளில்லா அறைகளிலும் அது எரிந்துகொண்டிருப்பது அனர்த்த தண்டம். இலவம்பஞ்சு மெத்தையும் பருத்திப் போர்வை இரண்டும் செய்யும் வேலைக்குப் பறவையிறகு அடைத்த விலையுயர்ந்த மெத்தை எதற்கு? (பட்டுப் போர்வையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் திருமணக் கூடங்கள்வரை செல்ல நேரும், அது வேறொரு கட்டுரை.) தில்லி போன்ற வடபுலத்து நகரங்களில் குடியேறியுள்ள நம் குடும்பத்தார்க்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு கரி கணப்பை உள்ளே வைத்து உறங்குவது உயிரைப் பறிக்கும் செயல். கரி எரியும்போது வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவர் விழிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். யத்தினத்தோடு நடத்தல் என்பது இங்கே எறும்புக்கு மட்டுமன்றி நம் மக்களுக்கும் உரியது.

இனிக் கவலையைப் பற்றி. இக்காலத்தார் மன அழுத்தம் என்பதை நம் ஆகமம் ஆர்த்தத் தியானம் என்ற தலைப்பில் முன்னரே பகுத்துவைத்துள்ளது. விரும்பாதது வந்து சேர்ந்ததே என்று வருந்துதல், விரும்பியது பிரிந்ததே என்று ஏங்குதல், உடல்வேதனையையே நினைந்திருத்தல், வேண்டும் போகம் கிட்டுமோ என்று மறுகுதல் என அது நான்கு. நம் வீட்டுப் பேச்சுக்களை இந்நான்கில் பொருத்திப்பார்த்தால் எதுவும் மிஞ்சுவதரிது. தேர்வெழுதும் பேரனின் உறக்கமின்மையில் நான்காவது மட்டும் இருப்பதாகத் தெரியவில்லை. பெற்றோரின் நான்காவது இறங்கிவந்து அவனுக்கு முதலாவதாகி நிற்கின்றது என்றே நமக்குப் படுகின்றது.

ஆர்த்தத் தியானம் தீயது என்று அவனிடம் கூறிவிட்டால் அது நீங்கிவிடுமா? காய்ச்சல் தீயது என்று சொல்லிக் காய்ச்சலைத் தணித்தவர் உண்டோ? வினையின் உதயமும் இடம், காலம் முதலிய நிமித்தங்களைச் சார்ந்தே பயன் தருகின்றது. நிமித்தத்தை மாற்றுவது வினைக்கோட்பாட்டிற்கு முரணன்று. நான்கு தானங்களுள் ஔஷத தானத்தை வைத்த சமயம் நம்முடையது. உடல்நோய்க்கு மருத்துவரை நாடும் நாம், பல வாரங்கள் உறக்கமும் உணவும் கெட்டு வாடும் பிள்ளையை மனநல மருத்துவரிடம் அழைத்துச்செல்லக் கூசுவது பொருத்தமன்று. அதைப் பக்திக் குறைவென்று பேசும் உறவினர் இருப்பார்கள், பேசட்டும்.

குறைகளைக் கூறிக் கேட்கும் வீட்டுப் பேச்சே விகதை, வீண்கதை என்று விலக்குவாரும் உண்டு. விகதைகளாக எண்ணப்படுபவை ராஜகதை, போஜனகதை முதலியவை. பற்றையும் பகையையும் வளர்ப்பன. மாலையுணவுக்குப் பின் அரைமணி நேரம் மருமகளின் அருகமர்ந்து, அன்று நேர்ந்ததை அவள் சொல்லக் கேட்பது அவ்வகையிற் சேராது. அகத்தவங்கள் ஆறனுள் ஒன்று வையாவிருத்தியம், அதாவது பணிவிடை. சூத்திரம் அதற்குரியோராக ஆசாரியர், நோயுற்ற முனிவர் முதலியோரையே எண்ணுகின்றது என்பது உண்மை. எனினும் வீட்டில் வாடியிருப்பவரின் முகம் பாராதவன் முனிவரின் நோயை மட்டும் எவ்வாறு அறிந்து உதவுவான்? உடலை வருத்தும் காயக்கிலேசம் புறத்தவ வரிசையிலும், பிறர் வருத்தம் தீர்க்கும் வையாவிருத்தியம் அகத்தவ வரிசையிலும் வைக்கப்பட்டுள்ளன.

சாமாயிகத்தைக் கைவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 48 நிமிடம் சமநிலையில் அமரும் பழக்கம் கவலையைத் தாங்கும் வலிமையைப் படிப்படியாக அளிக்கின்றது. இளமையிலேயே அதனைத் தொடங்குவது நன்று. ஆனால் நடுங்கும் உடலோடு அமர்ந்தவரின் எண்ணம் நடுக்கத்திலேயே நிற்கும். அது மூன்றாம் ஆர்த்தத் தியானம். விடியற்காலையில் வெந்நீரில் நீராடி, பருத்திப் போர்வையைப் போர்த்து, கீழே அமர இயலாமையால் நாற்காலியில் அமர்ந்து சாமாயிகம் செய்யும் முதியவர்களைச் சில இல்லங்களில் காண்கின்றோம். அவர்களுக்கு முன்னதாகவே எழுந்து வெந்நீர் காய்ச்சுபவர் பெரும்பாலும் அவ்வீட்டு மருமகளே. அந்த வேளையில் அவள் தோளில் போர்வை இருக்கின்றதா என்று யாரும் கேட்பதில்லை.