விலகிய நந்தி

டிடிஆர்3 ராமை டிடிஆர்4 ஸ்லாட்டில் மாட்ட முடியாது. முன்னதற்கு 240 பின், பின்னதற்கு 288. முன்னது 1.5 வோல்ட் கேட்கும், பின்னது 1.2. அடியில் இருக்கும் வெட்டுகூட இடம் மாறியிருக்கும்; முட்டி அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். மயிலாடுதுறையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து பிழைக்கிறவன் நான். இப்படிப்பட்ட இடத்தில் "செட் ஆகாது சார்" என்று சொல்ல எனக்கு உறுத்தலே இல்லை. பொருளின் இயல்பு அது. கேட்பவரும் வெட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சமாதானமாகிவிடுவார்.

உறுத்துவது இன்னொரு வகை. இன்டெலின் ஏழாம் தலைமுறை பிராசசருக்கும் எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட் ஒன்றே, எல்ஜிஏ 1151. புதியது பழைய மதர்போர்டில் கச்சிதமாக உட்காரும். ஆனால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. கோர்கள் கூடியதால் மின்சாரம் கூடுதலாக வேண்டும், பின்களின் வேலையை மாற்றவேண்டி வந்தது என்று காரணம் சொன்னார்கள். காரணம் பொய்யில்லை. ஆனால் கைத்திறன் உள்ள சிலர் போர்டை எழுப்பும் மென்பொருளான பயாஸைத் திருத்தி, சில பின்களை மறைத்து, பழைய போர்டிலேயே அதை ஓட்டிக் காட்டிவிட்டார்கள். ஏஎம்டி விஷயம் இன்னும் வெளிப்படை. 400 வரிசை போர்டுகளில் அடுத்து வரும் ஜென் 3 பிராசசர் ஓடாது, பயாஸ் சிப்பில் இடம் போதாது என்று 2020 மே மாதம் அறிவித்தது. போர்டு வாங்கியவர்கள் சத்தம் போட்டார்கள். அதே மாதம், சரி ஓடும் என்றது. 2022இல் அதற்கும் முந்தைய 300 வரிசைக்கும் வழி திறந்தது. இதற்காகப் பிராசசரில் யாரும் எதையும் செதுக்கவில்லை. மாறியது போர்டில் இருந்த பயாஸ்தான்.

என் பெரியப்பா சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய் முறையாகப் படித்தவர். கடைக்கு வந்தால், நான் போர்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே, "பக்குவம் வராம எதுவும் ஏறாதுடா" என்பார். மலபரிபாகம், அதாவது உயிரைப் பிணைத்த மலம் கழலும் பக்குவம், வந்தால்தான் சத்திநிபாதம் என்கிற அருள் இறங்கும். அதிலும் மந்ததரம் முதல் தீவிரதரம் வரை நான்கு படி. அதற்கேற்பத்தான் தீட்சை. இதையெல்லாம் நான் மறுப்பதில்லை. ஆளுக்கு ஆள் பக்குவம் வேறு என்பது ஒரு வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும். என் கேள்வி வேறு. பக்குவமில்லை என்கிற தீர்ப்பை யார் சொல்கிறார்கள், எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்?

பிறப்பைக் காட்டிக் கோயிலுக்குள் விடப்படாத நந்தனாரை எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பையும் நாயனாரையும் ஒரே மூச்சில் பேசலாமா என்று சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். பெரியபுராணத்தில் சேக்கிழார் அவரை இரண்டு கோயில்களின் முன் நிறுத்துகிறார். ஒன்று எங்கள் ஊர்ப்பக்கத்துத் திருப்புன்கூர். வாசலில் நின்றவருக்கு நந்தி மறைக்கிறது. சிவலோகநாதர் நந்தியை விலகச் செய்கிறார். நந்தனார் நின்ற இடத்திலேயே, நந்தனாராகவே, கண் நிறையக் காண்கிறார். இரண்டாவது தில்லை, அதாவது சிதம்பரம். அங்கே விலகியது எதுவுமில்லை. எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தவரின் கனவில், தீயில் மூழ்கி வா என்று கட்டளை வருகிறது. பூணூலும் சடையுமாக முனிவர் வடிவில் எழுந்த பிறகுதான் தில்லைவாழ் அந்தணர்கள் கைகூப்பி உடன் வர, அவர் உள்ளே போகிறார். ஒரே அடியார், ஒரே பக்தி, ஒரே சிவன். ஓர் ஊரில் தடை நகர்ந்தது. இன்னோர் ஊரில் ஆளே மாற்றப்பட்டார்.

பெரியப்பாவிடம் கேட்டேன். "அது வெறும் நெருப்பில்லடா, ஞானத் தீ. மலத்தை எரிச்சுது" என்றார்.

"மலம் எரிஞ்சதுன்னா பூணூல் எதுக்கு பெரியப்பா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் விடவில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததுதானே: உயிர்கள் மூன்று வகை, அதில் விஞ்ஞானகலருக்கு மலம் ஒன்று, பிரளயாகலருக்கு இரண்டு, சகலருக்கு மூன்று. மண்ணில் பிறந்த நாம் அத்தனை பேரும் சகலர். ஆணவம், கன்மம், மாயை மூன்றும் தில்லை அந்தணருக்கும் உண்டு, ஆதனூர்ப் புலைப்பாடிக்காரரான நந்தனாருக்கும் உண்டு. அப்படியிருக்க ஒருவரை மட்டும் வெளியே நிறுத்தச் சித்தாந்தத்தில் இடம் எங்கே? சாஸ்திரம் சொல்லும் பக்குவம் உயிருக்குள் நடப்பது. பதியாகிய இறைவன் மட்டுமே அறிவது. வாசல்காரர்களுக்கு அதை அளக்கும் கருவி கிடையாது. அவர்கள் அளந்தது பிறப்பை. அதற்குப் பக்குவம் என்ற பெயரை மேலே ஒட்டிக்கொண்டார்கள். உள்ளே கொஞ்சம் உண்மை இருக்கும் காரணம்தான் ஆபத்தானது. முழுப் பொய் என்றால் என்றோ விழுந்திருக்கும்.

பெரியப்பா கடைசியாக, "சேக்கிழார் காலம் அப்படி" என்றார். 12ஆம் நூற்றாண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதே சேக்கிழார்தான் திருப்புன்கூரையும் பாடினார். 1947இல் மதராஸ் மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. அப்போது யாரும் தீயில் இறங்க வேண்டியிருக்கவில்லை. சாமி எழுந்து போய்விடவும் இல்லை.

தில்லையில் நடந்ததை அருள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருப்புன்கூரில் நடந்தது அருள்.