தண்ணீருக்கு எது தீட்டு?

மாதவிலக்கு நாட்களில் பெண் கிணற்றடிக்குப் போகக் கூடாது; தலித் பெண் எந்த நாளிலும் ஊர்க்கிணற்றைத் தொடக் கூடாது. தண்ணீரின் பெயரால் உடல்களைத் தரம் பிரித்த சமூகம் இது. தண்ணீர் உண்மையிலேயே கெடும்போதும் நமக்கு அந்தப் பழைய மொழியே நாவில் வருகிறது.

மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்றப்படும் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைப் பாருங்கள். குப்பியில் மிஞ்சினால் அது ஆபத்தான கழிவு. 2016ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் அதற்கு மஞ்சள் பை ஒதுக்குகின்றன. அதே மருந்தின் ஒரு பகுதி நோயாளியின் உடலில் மாறாமல் சிறுநீரோடு வெளியேறும்போது கழிவறைக்குள் போய்விடுகிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் இதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. பல மருந்துகள் அவற்றைத் தாண்டி ஆற்றில் கலக்கின்றன.

யார் பொறுப்பு? மருந்து குடித்த உடலை நோக்கி விரல் நீட்டுவது எளிது. கனடாவின் ஒன்டாரியோவில் 2001 முதல் மூன்று கோடைகள், கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை ஆய்வாளர்கள் ஓர் ஏரியில் கலந்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஆண் மீன்கள் முட்டைக்கான புரதத்தைச் சுரந்தன. மின்னோ என்ற சிறுமீன் ஏறக்குறைய அழிந்தது. கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் மீண்டது. இந்த அறிவை மறுக்க முடியாது. ஆனால் பேச்சு 'பெண்கள் விழுங்கும் மாத்திரை' என்று சுருங்கினால், அதை விற்று லாபம் பார்க்கும் நிறுவனமும், கழிவுநீரை அரைகுறையாகச் சுத்திகரிக்கும் நகராட்சியும், பண்ணைக் கால்நடைகளின் ஹார்மோன்களும் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும், ஸ்கேனுக்காக அயோடின் மருந்து ஏற்றிக்கொண்டவர்களிடம் சிறுநீர்ப் பைகளைக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். நல்ல யோசனை. இங்கே வந்தால் அந்தப் பையை வீட்டில் யார் கட்டி எடுத்துப்போவார்? மனைவி, மகள், மருமகள். மருத்துவமனையில் என்றால் கையுறைகூட இல்லாத ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு. பிழைக்க மருந்து ஏற்றிக்கொண்டவளிடம் குற்றம் இல்லை. ஆற்றில் கீழே குடம் முக்குகிறவளும் எந்தக் குற்றமும் செய்யவில்லை. இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்தாமல் நியாயம் பேச வேண்டும். சிகிச்சை ஊசியோடு முடிவதில்லை. உடலைவிட்டு வெளியேறும் மருந்தைப் பிடிப்பதும் சிகிச்சைதான். அதற்கான செலவும் கூலியும் கையுறையும் மருத்துவமனையின், மருந்து நிறுவனத்தின், அரசின் கணக்கில் எழுதப்பட வேண்டும்.